எண்ணித் தைப்போம்

சென்ற பொங்கல் விழாவின்போது நம் மன்றம் நடத்திய கைவினைக் காட்சியைக் கண்டவர்கள், வாயிலருகே இருந்த நீண்ட மேசையை மறந்திருக்க மாட்டார்கள். கேன்வாஸ் துணியில் கம்பளி நூலால் தைத்த படங்கள் ஒன்பது அங்கே வைக்கப்பட்டிருந்தன. ஒன்பதில் நான்கு அன்னப் படங்கள். நான்கு அன்னங்களும் ஒரே பக்கம் கழுத்தை வளைத்து, ஒரே தாமரையைப் பார்த்து, ஒரே நீல நீரில் மிதந்தன. தைத்தவர்கள் நால்வர், படம் ஒன்றே! பரிசு வழங்க வந்தவர்கள் எந்த அன்னத்திற்குப் பரிசு கொடுப்பது என்று தெரியாமல் தயங்கியதையும், இறுதியில் சட்டம் நன்றாக இருந்த அன்னத்திற்குக் கொடுத்ததையும் நான் அருகில் நின்று பார்த்தேன்.

அந்த நால்வர்மீது எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அவர்கள் என் நண்பர்கள். பொறுமையோடும் தூய்மையோடும் தைத்திருந்தார்கள். ஆனால் ஒரு கேள்வி அன்று முதல் என் மனத்தை விட்டு அகலவில்லை. அந்தப் படத்தை வரைந்தவர் யாரோ. நிறத்தைத் தேர்ந்தவர் யாரோ. இத்தனை கண் அகலம், இத்தனை கண் உயரம் என்று கணக்கிட்டவர் யாரோ. நூலை அளந்து பையில் போட்டு அனுப்பியவரும் யாரோ. நம் நண்பர்கள் செய்தது, அச்சிட்ட நிறத்தின்மேல் அதே நிற நூலை ஓட்டியது மட்டுமே. இதனைக் கைவினை என்று கூறலாம். கலை என்று கூறலாமா?

கூடாது என்பது என் கருத்து. அதனை ஆராய்வதற்கு முன், கேன்வாஸ் வேலை இன்னது என்று அறியாதவர்களுக்குச் சில சொற்கள் கூறுவது கடமை.

கண்ணும் கணக்கும்

துணியில் பூத்தையல் போடுகிறவர், துணியை விட்டுவிட்டுப் பூவை மட்டும் தைக்கிறார். கேன்வாஸ் வேலை அப்படிப்பட்டதன்று. கேன்வாஸ் என்பது பாவும் ஊடையும் இடைவெளி விட்டு நெய்யப்பட்ட விறைப்பான துணி. சல்லடை போல் கண் கண்ணாக இருக்கும். அந்தக் கண்களை ஒன்று விடாமல் நூலால் நிரப்ப வேண்டும். வேலை முடிந்த பிறகு கேன்வாஸ் தெரியக்கூடாது. நூல் மட்டுமே தெரிய வேண்டும். அதனால்தான் அது படமாக மட்டும் நில்லாமல், நாற்காலி மெத்தைக்கும் பைக்கும் கால்மிதிக்கும் பயன்படும் வலிமையைப் பெறுகிறது.

கேன்வாஸை விலைக்கு வாங்கும்போது அங்குலத்திற்கு எத்தனை கண் என்றுதான் கேட்க வேண்டும். 10 கண், 12 கண், 14 கண், 18 கண் எனப் பல வகை உண்டு. கண் மிகுந்தால் படம் நுட்பமாகும், வேலையும் மிகும். 14 அங்குல அகலமும் 10 அங்குல உயரமும் உள்ள ஒரு படத்தை எண்ணிப் பாருங்கள். 10 கண் கேன்வாஸில் அதற்கு 14,000 தையல். அதே படத்தை அதே அளவில் 14 கண் கேன்வாஸில் தைத்தால் 27,440 தையல். கண் நான்கே கூடியது. வேலையோ ஏறக்குறைய இரு மடங்கு ஆயிற்று. இந்தக் கணக்கை அறியாமல் கடைக்குச் செல்கிறவர் பாதி வழியில் ஊசியை வைத்துவிடுவதில் வியப்பில்லை.

நான் செய்த பிழை

பிறருக்கு அறிவுரை கூறுகிறவன் தன் பிழையை மறைக்கக் கூடாது. ஆகவே கூறிவிடுகிறேன்.

ஈராண்டுகளுக்கு முன், அச்சிட்ட படம் வேண்டாம், நானே எழுதித் தைப்பேன் என்று வீறாப்புடன் புறப்பட்டேன். 'தமிழ் மன்றம்' என்னும் இரண்டு சொற்களைத் தைத்து நம் அறையின் சுவரில் மாட்டுவது என் திட்டம். திட்டம் என்று இன்று கூறுகிறேன். அன்று திட்டம் ஒன்றும் இல்லை. ஆசைதான் இருந்தது. கினாரி பஜாரில் 8 அங்குல அகலத்தில் 10 கண் கேன்வாஸ் துண்டு ஒன்றும், கமலா நகரில் சிவப்புக் கம்பளி நூலும் வாங்கினேன். இடப்பக்கம் ஐந்து கண் விட்டு, 'த'வில் தொடங்கினேன். ஒவ்வோர் இரவும் ஓர் எழுத்து. 'தமிழ்' அழகாக முடிந்தது. 'மன்' முடிந்தது. 'ற' பாதியிலேயே கேன்வாஸின் கரையில் முட்டிக்கொண்டது. 'ம்' நிற்க இடமே இல்லை!

அறை நண்பன் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "தமிழ் மன்... அடுத்து என்ன? 'மன்னிப்பு' என்று முடிக்கப் போகிறாயா?" என்று கேட்டான். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதோடு விட்டதா? வண்ணப் பின்னணிக்கு வாங்கிய மஞ்சள் நூல் பாதியில் தீர்ந்தது. திரும்பப் போய் வாங்கிய மஞ்சளும் மஞ்சள்தான். ஆனால் பழைய மஞ்சள் அன்று. பகல் வெளிச்சத்தில் பார்த்தால் சுவரில் நீர் ஊறியது போல் ஒரு கோடு தெரிந்தது. ஒரே முறையில் சாயம் ஏற்றிய நூலைத்தான் ஒரு வேலைக்கு வாங்க வேண்டும், நூல்கட்டின் தாளில் அதற்கென எண் அச்சிட்டிருக்கும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

கரோல் பாகில் வாழும் மற்றொரு நண்பனின் பாட்டியாரிடம் அந்தத் துண்டைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "ஏம்பா, புள்ளியை எண்ணாம யாராவது கோலம் போடுவாளா? நடுவில ஆரம்பிக்காம ஓரத்தில ஏன் ஆரம்பிச்சே?" என்றார். அந்த இரண்டு கேள்விகளில் கேன்வாஸ் வேலையின் இலக்கணம் முழுவதும் அடங்கியிருந்தது.

நம் வீட்டு வாசலில் உள்ள பாடம்

ஆம், நாம் இந்தக் கலைக்குப் புதியவர்கள் அல்லர். '15 புள்ளி, 8 முடிய ஊடுபுள்ளி' என்று கோலப் புத்தகங்களில் அச்சிடுவார்களே, அது என்ன? நடுவில் 15 புள்ளி வைத்து, இருபுறமும் ஒவ்வொன்றாகக் குறைத்து 8 வரை வருக என்பது அதன் பொருள். மொத்தம் 15 வரிசை, 169 புள்ளி. நம் தாய்மார்கள் இதனைத் தாளில் கூட்டிப் பார்த்ததில்லை. ஆனால் வாசலின் அகலத்தைக் கண்ணால் அளந்து, புள்ளிக்கும் புள்ளிக்கும் உள்ள இடைவெளியை அதற்கேற்பக் கூட்டியும் குறைத்தும், கோலம் வாசலை மீறாமல் முடிக்கிறார்கள். கேன்வாஸில் திட்டமிடுவதும் இதுவேயன்றி வேறில்லை.

பாட்டியார் கூறியபடி கட்டம் போட்ட தாளில் எழுதி எண்ணினேன். 'த' 9 கண், 'மி' 12, 'ழ்' 10, 'ம' 9, 'ன்' 13, 'ற' 12, 'ம்' 9, ஆக 74. எழுத்துகளுக்கு இடையே இரண்டிரண்டு கண்ணாக 10. சொற்களுக்கு இடையே 6. மொத்தம் 90 கண். 10 கண் கேன்வாஸில் இது 9 அங்குலம். என்னிடம் இருந்ததோ 8 அங்குலம்! ஒரு மாத உழைப்பு வீணாவதைக் கால்மணி நேரக் கூட்டல் தடுத்திருக்கும். அதே 8 அங்குலத்தில், 12 கண் கேன்வாஸ் வாங்கியிருந்தால் ஏழரை அங்குலத்தில் அடங்கியிருக்கும்.

தமிழ் எழுத்தைக் கேன்வாஸில் அமைப்பவர்கள் இன்னொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் இரண்டு கோடுகளுக்குள் அடங்கி நிற்கும். நம் எழுத்து அப்படி நிற்காது. மெய்யெழுத்தின் புள்ளி மேலே ஏறும். இகரத்தின் கொக்கி வளைந்து உயரும். 'ழ'வின் கால் கீழே இறங்கும். உடலுக்கு 9 கண் என்றால் மேலே 4, கீழே 4 விட்டு 17 கண் உயரம் ஒதுக்க வேண்டும். வளைவு நிறைந்த எழுத்தைச் சதுரக் கட்டத்தில் அமைப்பது எளிதன்று. ஒவ்வொரு வளைவும் படிக்கட்டாக மாறும். எந்தப் படியை எங்கே வைத்தால் கண்ணுக்கு வளைவாகத் தோன்றும் என்று எண்ணி எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அச்சிட்ட கேன்வாஸ் விற்கும் எவரும் நமக்காக இந்த வேலையைச் செய்து வைக்கப் போவதில்லை. நம் எழுத்தை நாம்தான் எண்ண வேண்டும்.

எண்ணித் தைத்தவர்கள்

நீலகிரியில் வாழும் தோடர்களைப் பற்றிக் கேள்விப்படாதவர் நம்முள் இல்லை. 2011-ஆம் ஆண்டின் மக்கள் கணக்கின்படி அவர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். அவர்கள் போர்த்திக்கொள்ளும் 'பூத்துக்குளி' என்னும் போர்வையில் சிவப்பும் கருப்புமாய் ஓடும் பூவேலை உலகப் புகழ் பெற்றது. அந்தப் பெண்கள் துணியில் கோடு வரைவதில்லை, சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டுவதில்லை, அச்சுத்தாளைப் பார்ப்பதில்லை. முரட்டுப் பருத்தித் துணியின் இழைகளை விரலாலும் கண்ணாலும் எண்ணி, துணியின் மறுபுறத்திலிருந்து தைக்கிறார்கள். எண்ணிக்கை ஓரிடத்தில் தவறினால் வரிசை முழுவதும் தவறும். தவறுவதில்லை என்பதற்கு அந்தப் போர்வைகளே சான்று. 2013-ஆம் ஆண்டில் தோடர் பூவேலைக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

கருநாடகத்துத் தார்வாடுப் பகுதியின் 'கசூதி' வேலையும் எண்ணித் தைப்பதே. அதில் ஒரு தையலுக்கு 'மெந்தி' என்று பெயர். மெந்தி என்றால் வெந்தயம். இழையை எண்ணிப் போடும் சிறு பெருக்கல் குறிகள் வெந்தயம் தூவியது போல் இருப்பதால் அப்பெயர் பொருத்தமாகிறது. இங்கே டில்லியில் நம்மைச் சுற்றி வாழும் பஞ்சாபியர் வீடுகளில், 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையின்போது மூட்டையில் கட்டிக் கொண்டுவந்த பாட்டியின் 'புல்காரி' இருக்கக்கூடும். அதுவும் கதர்த் துணியின் மறுபுறத்திலிருந்து இழையை எண்ணிப் பட்டு நூலால் நிரப்பியதே.

இவற்றையெல்லாம் நான் கூறுவது பழம்பெருமை பேசுவதற்காக அன்று. இந்தப் பெண்கள் அனைவரும் திட்டமிட்டார்கள். திட்டம் அவர்கள் தலைக்குள் இருந்தது. தைத்தவரும் திட்டமிட்டவரும் ஒருவரே. அச்சிட்ட படம் வந்தபோதுதான் இந்த இருவரும் பிரிந்தார்கள்.

அந்தப் பிரிவு ஐரோப்பாவில் நிகழ்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரத்து அச்சகங்கள் கட்டத்தாளில் நிறமிட்ட படங்களை வெளியிட்டன. ஒரு கட்டம் ஒரு தையல். ஐரோப்பாவெங்கும் பெண்கள் அந்தத் தாள்களை வாங்கி ஒரே ரோஜாவையும் ஒரே நாய்க்குட்டியையும் ஆயிரக்கணக்கில் தைத்தார்கள். அதிலாவது தாளைப் பார்த்துக் கேன்வாஸில் எண்ண வேண்டியிருந்தது. நிறத்தைக் கேன்வாஸின்மீதே அச்சிட்ட பிறகு அந்த எண்ணிக்கையும் தேவையற்றுப் போயிற்று. நம் மேசையில் மிதந்த நான்கு அன்னங்கள் அந்தக் குளத்திலிருந்து வந்தவையே.

மறுப்பும் விடையும்

இக்கருத்தை நண்பர்களிடம் கூறியபோது மூன்று மறுப்புகள் எழுந்தன.

"தொடக்கத்தில் அச்சிட்ட படம்தானே கையைப் பழக்கும்?" என்றார் ஒருவர். உண்மை. குழந்தை நடைவண்டியைப் பிடித்து நடக்கப் பழகுவது உண்டு. ஆனால் நடைவண்டியோடு ஓட்டப் பந்தயத்திற்கு வந்து பரிசு கேட்பது முறையாகுமா?

"நேரம் எங்கே?" என்றார் மற்றொருவர். நிமிடத்திற்கு எட்டுத் தையல் என்று கொண்டால், நான் மேலே கூறிய 14,000 தையலுக்கு ஏறத்தாழ 29 மணி நேரம். நாள்தோறும் மெட்ரோ வண்டியில் அரைமணி நேரம் ஊசி பிடித்தால் இரண்டு மாதத்தில் படம் முடிந்துவிடும். அந்த அரைமணியில் இன்று நாம் கைப்பேசியில் என்ன சாதிக்கிறோம் என்பதை அவரவர் நெஞ்சே அறியும்.

"இது பெண்கள் வேலை" என்றார் மூன்றாமவர். இவருக்கு என்ன விடை கூறுவது! பழைய டில்லியின் சந்துகளில் சர்தோசி தைப்பவர்களும், காஷ்மீர்ச் சால்வையில் நுண்தையல் போடுபவர்களும் பெரும்பாலும் ஆண்களே. அமெரிக்கக் கால்பந்து வீரர் ரோசி கிரியர், பார்த்தாலே அஞ்சத்தக்க உடல் படைத்தவர். அவர் 1973-இல் ஆண்களுக்கான கேன்வாஸ் தையல் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டார். ஊசிக்கு ஆண் பெண் தெரியாது; எண்ணத் தெரிந்தவர், எண்ணத் தெரியாதவர் என்ற இரு சாதிதான் அதற்குத் தெரியும்.

எண்ணினால் வரும் நேர்மை

எண்ணிக்கை கற்றுத் தரும் இன்னொரு பாடமே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

டில்லி ஹாட்டில் நாம் எப்படிப் பொருள் வாங்குகிறோம்? கைத்தையல் பை ஒன்றை எடுத்து, விலை 1,500 ரூபாய் என்றதும், "900-க்குத் தருவாயா?" என்கிறோம். தந்துவிட்டால் வென்றதாக எண்ணி மகிழ்கிறோம். அந்தப் பைக்கு 30 மணி நேர வேலை என்றும், துணிக்கும் நூலுக்கும் 300 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். 1,500 கொடுத்தால் தைத்தவருக்கு மணிக்கு 40 ரூபாய். 900 கொடுத்தால் மணிக்கு 20 ரூபாய். இடையில் விற்பவருக்கும் பங்கு உண்டென்றால் அதுவும் இல்லை. ஒரு மணி நேரம் குனிந்து ஏறக்குறைய 500 தையல் போட்டவருக்கு ஒரு தேநீரும் பிஸ்கட்டும் வாங்கும் கூலி! வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தைக்கும் தோடர் போர்வைக்கு நாம் பேரம் பேசும்போது எத்தனை நாட்களைப் பறிக்கிறோம்?

அச்சிட்ட படத்தில் நூல் ஓட்டியவருக்கு இந்தக் கணக்கு தோன்றாது. தானே அகலத்தை எண்ணி, தவறிப் பிரித்து, மறுபடியும் எண்ணித் தைத்தவன் ஒருபோதும் பாதி விலைக்குக் கேட்க மாட்டான். என் 'தமிழ் மன்' துண்டு எனக்குக் கற்பித்தது இதுவே. நாம் நாளை ஆசிரியர்களாகவும் அதிகாரிகளாகவும் ஆகப் போகிறவர்கள். பிறர் உழைப்பை எண்ணத் தெரியாமல் அந்த நாற்காலிகளில் அமர்வது நாட்டிற்கு நல்லதன்று.

செய்யத்தக்கன

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் பட்டறிந்தவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன். முதலில் எங்கே மாட்டப் போகிறோம், எவ்வளவு பெரிது என்று முடிவு செய்க. கட்டத்தாளில் எழுதி, கண்களை எண்ணுக. பிறகே கேன்வாஸ் வாங்குக. நாற்புறமும் இரண்டிரண்டு அங்குலம் மிகுதி விடுக. கரை பிரியாமல் ஒட்டுநாடா ஒட்டுக. கேன்வாஸை நான்காக மடித்து நடுவைக் கண்டு அங்கிருந்து தொடங்குக. ஒரு முழ நூல் எத்தனை கண்ணை நிரப்புகிறது என்று தைத்துப் பார்க்க. 50 கண் என்றால், 14,000 கண்ணுக்கு 280 முழம். பத்தில் ஒரு பங்கு கூட்டி, முழுவதையும் ஒரே நாளில், ஒரே சாய எண்ணில் வாங்குக. மொட்டை முனை ஊசியே வேண்டும். கூர் ஊசி கேன்வாஸின் இழையைக் குத்திப் பிளக்கும். முழத்திற்கு மேல் நூல் கோக்காதீர். இழுபட்டு இழுபட்டு மெலிந்துவிடும். முதலில் எழுத்தையும் உருவத்தையும் தைத்துவிட்டுப் பின்னணிக்குச் செல்க. பின்னணியை மூலைவாட்டில் ஏறியும் இறங்கியும் தைத்தால் பின்புறம் கோரைப்பாய் பின்னியது போல் அமையும், கேன்வாஸ் கோணாது. ஒரே திசையில் வரிசை வரிசையாகத் தைத்தால் சதுரம் சாய்சதுரமாகிவிடும். அப்படிக் கோணிவிட்டால் ஈரம் தெளித்து, பலகையில் நேராக இழுத்து ஊசி குத்தி உலர விடுக.

மன்றத்தாருக்கு இரண்டு வேண்டுகோள். அடுத்த காட்சியில் கேன்வாஸ் வேலைக்கு இரண்டு பிரிவு வையுங்கள். அச்சிட்ட படம் தைத்தவர்கள் ஒரு பிரிவு. தாமே திட்டமிட்டவர்கள் மற்றொரு பிரிவு. பின்னவர்கள் தம் கட்டத்தாளையும், அழித்தல் திருத்தல்களோடு, படத்தின் பக்கத்தில் வைக்க வேண்டும். பரிசளிப்பவர்கள் சட்டத்தைப் பார்க்க வேண்டா, தாளைப் பார்க்கட்டும்.

இரண்டாவது, நம் அறைச் சுவர் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. இங்கிலாந்து நாட்டின் மேரி அரசியார் ஒரு பெரிய கம்பளத்தை 12 துண்டுகளாகக் கேன்வாஸில் தைத்து இணைத்தார். பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட தையல்கள். போருக்குப் பிறகு நாட்டிற்கு டாலர் தேவைப்பட்ட காலத்தில், 1950-இல், தம் 82-ஆம் வயதில் அதனை விற்பனைக்குக் கொடுத்தார். கனடா நாட்டுப் பெண்கள் சங்கம் ஒன்று ஓர் இலட்சம் டாலர் திரட்டி வாங்கியது. முதிர்ந்த அரசியார் ஒருவர் தனியாக 12 துண்டு தைக்க முடிந்தது. 'தமிழ் மன்றம்' என்பதில் ஏழே எழுத்து. ஏழு பேர் முன்வரட்டும். ஆளுக்கோர் எழுத்து, 12 கண் கேன்வாஸ், 17 கண் உயரம், ஒரே சாய எண்ணில் நூல். கட்டத்தாள் என்னிடம் உண்டு. திருத்தியது, 90 கண்ணும் சரியாக இருக்கிறது.

தமிழில் 'எண்ணுதல்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். கணக்கிடுதல் ஒன்று, சிந்தித்தல் மற்றொன்று. இரண்டும் ஒன்றே என்று நம் மொழி என்றோ முடிவு செய்துவிட்டது போலும். அம்முடிவை ஊசியாலும் நூலாலும் நாம் மெய்ப்பிப்போம். 'ம்' எழுத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். சென்ற முறை அதற்குத்தான் இடமில்லாமல் போயிற்று.